கமுக்கம் என்று பெயரெடுத்தவள்

அந்தத் தையற்காரிக்குப் பெற்றவர்கள் வைத்த பெயரைத் தெரு எப்போதோ மறந்துவிட்டது. "கமுக்கம் கடை" என்று கேட்டால்தான் வழி காட்டுவார்கள். ரகசியம் என்பது காதோடு காதாகச் சொல்லப்படுவது; சொல்லி முடிப்பதற்குள் பாதி ஊருக்குப் போயிருக்கும். கமுக்கம் அப்படியில்லை. ஒன்றுமே நடக்காத மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு காரியத்தை முடிப்பது. "கமுக்கமா வீட்டை வித்துட்டான்" என்று சொல்பவர் குரலில் கொஞ்சம் பொறாமைகூட இருக்கும். இவளைச் சொல்லும்போது மட்டும் மரியாதை இருந்தது.

இருக்காதா பின்னே? கணவனுக்கு முன்பே அளவு நாடாவுக்குத் தெரிந்துவிடுகிற கர்ப்பங்கள், பஞ்சு வைத்து நிமிர்த்திய அதிகாரியின் தோள் எல்லாம் அவள் வாயில் குண்டூசிகளோடு அடங்கிக் கிடந்தன.

எதிர்க்கடைப் பொத்தான் வியாபாரிக்குச் சொற்களை நோண்டுகிற பைத்தியம் உண்டு. "கமுக்கட்டுன்னா அக்குள். அங்க ஒண்ண இடுக்கிக்கிட்டா வெளிய தெரியுமா? கமுக்கம் அதுலேருந்துதான் வந்திருக்கும்னு நினைக்கிறேன். இல்ல, அமுக்குறதுலேருந்து வந்துச்சுன்னு சொல்றவங்களும் இருக்காங்க. உனக்கு ரெண்டுமே பொருந்தும்மா!"

அவள் சிரித்தாள். உள்ளூரப் பெருமைதான். அந்தப் பெருமைதான் கடைசியில் அவளைக் கெடுத்தது.

ஒருநாள் தங்கை புதுச் சட்டையோடு வந்தாள். "அக்கா, வலது கை பக்கம் பிடிக்குது." அளவு தப்பவில்லை என்று அக்காவுக்குத் தெரியும். அக்குளில் விரலை வைத்தாள். புளியங்கொட்டை அளவுக்கு ஒரு கட்டி, கல் மாதிரி நகராமல் இருந்தது.

"என்னடி இது?"

"சூட்டுக் கட்டிக்கா. யார்கிட்டயும் சொல்லிடாத. அவருக்குத் தெரிஞ்சா வீட்டையே ரெண்டு பண்ணிடுவாரு. பொண்ணு பரீட்சை முடியட்டும், நானே டாக்டர்கிட்ட போறேன்."

வேறு அக்காவாக இருந்தால் அங்கேயே சத்தம் போட்டு, தங்கையின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போயிருப்பாள். இவள் கமுக்கம் ஆயிற்றே! கத்தரிக்கோலை எடுத்தாள். அக்குள் தையலைப் பிரித்து, உள்பக்கமாக ஒரு சின்னச் சதுர ஒட்டு வைத்துத் தைத்தாள். போட்டிருப்பவளுக்கே தெரியாத வேலை.

தங்கை கையைத் தூக்கிப் பார்த்தாள். "இப்ப வலியே இல்லக்கா!"

வலித்திருந்தால் டாக்டரிடம் போயிருப்பாள். பரீட்சை முடிந்தது. உறவில் ஒரு கல்யாணம் வந்தது. தங்கை அடுத்த சட்டையோடு வந்தாள். ஒட்டு கொஞ்சம் பெரிதாயிற்று. "டாக்டரைப் பாத்தியா?" என்று அக்கா ஒவ்வொரு முறையும் கேட்டாள். "பாக்கறேன்கா" என்ற பதிலை வாங்கி வைத்துக்கொண்டு தைத்தாள். தங்கையின் கணவர் கடைவழியே போகும்போது நின்று நலம் விசாரிப்பார். விஷயம் நாக்கு நுனிவரை வரும். விழுங்கிவிடுவாள்.

கடைசியில் மருத்துவமனைக்குப் போனபோது, மருத்துவர் ஏன் இவ்வளவு தாமதம் என்று மட்டும் கேட்டார். மழைக்காலம் முடிவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

சில மாதம் கழித்து தங்கையின் கணவர் ஒரு பையோடு கடைக்கு வந்தார். "அண்ணி, அவ சட்டைங்க. பொண்ணு போட்டுக்கறேங்குறா. அளவைக் குறைச்சுக் குடுங்க." சொல்லிக்கொண்டே ஒன்றைப் புரட்டிப் போட்டார். உள்பக்கம் ஒட்டு தெரிந்தது. அடுத்ததிலும் தெரிந்தது. அவர் விரல் அதன்மேல் நின்றுவிட்டது.

இனி மறைக்க அவளிடம் தெம்பு இல்லை. "எனக்குத் தெரியும் தம்பி. மொதல்லேருந்தே தெரியும். உங்ககிட்ட சொல்லாதன்னு கேட்டுக்கிட்டா."

அவர் திட்டுவார் என்று காத்திருந்தாள். திட்டினால் தேவலை என்றிருந்தது. அவர் முக்காலியில் உட்கார்ந்தார்.

"எனக்கும் தெரியும் அண்ணி. நான்தான் மொதல்ல பாத்தேன். அக்காகிட்ட மட்டும் சொல்லாதீங்க, பயந்துடுவான்னு அவதான் சொன்னா. ஒவ்வொரு தடவையும் உங்க கடை வாசல்ல நின்னுட்டு, கமுக்கமா போயிட்டேன்."

எதிர்க்கடையில் பொத்தான் வியாபாரி யாருக்கோ வழி சொல்லிக்கொண்டிருந்தார். "கமுக்கம் கடையா? இதோ, எதிர்லதான்."

வந்த பெண் படியேறி, "கமுக்கம் அம்மா நீங்கதானா?" என்று கேட்டாள்.

"இல்லம்மா," என்றாள் தையற்காரி. சட்டைகளை மடியில் அள்ளிப் போட்டுக்கொண்டு, தெருவெல்லாம் கேட்க வாய்விட்டு அழுதாள்.