பெட்டி வண்டியில் அடித்த ஆணிகள்

எனக்கு எழுத்து ஓடாது. ஊரில் ஐந்தாம் வகுப்போடு மறித்துவிட்டார்கள். அதற்குப் பிறகு பேனை பிடித்ததெல்லாம் அம்மாவுக்குக் கடிதம் போடத்தான். இப்போது நினைவும் நழுவுகிறது. முன்னுக்குப் பின்னாக எழுதியிருந்தால் குறை நினையாதீர்கள். எங்கள் முதியோர் மன்றத்தில், அந்த நாளில் இந்த நாட்டுக்கு வந்தவர்கள் ஏதாவது எழுதித் தாருங்கள் என்று கேட்டார்கள். மற்றவர்கள் எழுந்து பேசினார்கள். நான் பின்னுக்கு ஒரு கதிரையில் இருந்து தலையை ஆட்டிவிட்டு வந்துவிட்டேன். என்னை எழுத வைத்தது எதிர்வீடு.

டார்னெய்ட் என்கிற புறநகரில் என் பெறாமகள், அதுதான் அக்காவின் மகள், வீட்டில் இருக்கிறேன். குசினி யன்னலால் பார்த்தால் எதிர்வீட்டு முற்றம் தெரியும். அங்கே ஒரு வெள்ளைக்கார இளம் சோடி. சில மாதங்களுக்கு முன் காருக்குப் பின்னால் ஒரு பழைய கேம்பரை இழுத்து வந்து நிறுத்தினார்கள். நீங்களும் பார்த்திருப்பீர்கள். சில்லு வைத்த தட்டையான பெட்டி. கைபிடியைச் சுழற்றினால் மூடி மேலே எழும்பும், இரண்டு பக்கமும் கட்டில் வெளியே நீளும், இடையில் கித்தான் சுவர். இருக்கிற வீட்டைப் பூட்டிவிட்டு இன்னொரு வீட்டை இழுத்துக்கொண்டு போய்ப் படுப்பது இந்த நாட்டுச் சனத்துக்கு ஒரு சந்தோசம். அது எனக்குப் பழகிவிட்டது. பழகாதது நான் அடுத்துக் கண்டது. அவன் உள்ளே பலகைக்கு ஆணி அடிக்கிறான். அவள் பக்கத்தில் நின்று ஆணிகளை எடுத்துக் கொடுக்கிறாள். அவளுக்கு நிறைமாத வயிறு. ஆணியைப் பல்லில் கடித்துக்கொண்டு சிரிக்கிறாள். நான் திரைச்சேலையை இழுத்து மூடிவிட்டேன்.

ஊரில், வயிற்றுப்பிள்ளைக்காரி இருக்கிற வீட்டில் ஆணி அடிக்கமாட்டோம். மரம் அறுக்கமாட்டோம், கூரை பிரிக்கமாட்டோம். ஏன் என்று யாரும் கேட்டதில்லை. அக்காவுக்கு மூத்தது வயிற்றில் இருந்த வருடம் அப்பு, எங்கள் தகப்பன், வீடு வேயவில்லை. மாரி மழை உக்கின கிடுகு ஓலையால் உள்ளே ஒழுகியது. சட்டி, சருவம் என்று அகப்பட்டதை எல்லாம் வைத்து ஏந்தினோம். "வீடு நனைஞ்சால் காயும்" என்று அப்பு சொன்னது இன்னும் காதில் நிற்கிறது.

எழுபதுகளில் நானும் இவரும் சன்ஷைனில் ஒரு பலகை வீட்டில் இருந்தோம். இவர் என்றால் என் வீட்டுக்காரர். முழுப் பெயரையும் எழுத இன்னும் கை வராது. பக்கத்து வீட்டுக் கென் ட்ராம் ஓட்டுகிறவர். இவருடைய நீளப் பெயரை வெட்டி "சிவா" என்று வேலிக்கு அப்பாலிருந்து கூப்பிடுவார். எனக்கு முதலில் பகீரென்று இருக்கும். கென்னின் மனைவி மார்ஜ். எங்கள் தெருவில் வேறு தமிழர் இல்லை. கனகாலமாகப் பிள்ளையும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை நீண்டுகொண்டே போகும், முடியவே முடியாது. அதற்காகத்தான் இவர் ஒரு பழைய கேம்பரை வாங்கிக்கொண்டு வந்தார். நான் அதைப் பெட்டி வண்டி என்பேன். மூடியைத் தூக்குகிற இரும்புக் கயிறுகளில் ஒன்று துருப்பிடித்து அறுந்திருந்ததால் கூரை ஒரு பக்கம் சரிந்தே எழும்பும். இவர் உக்கின தரைப்பலகைகளைக் கழற்றினார். கித்தானை நான் மடியில் போட்டுப் பெரிய ஊசியால் கிழிசல் தைத்தேன். தண்ணீர் இறங்காமல் தையலுக்கு மேல் மெழுகு தேய்க்க மார்ஜ் காட்டித் தந்தா. எல்லாம் கைப்பாஷைதான். என் ஆங்கிலம் "யெஸ்", "தாங்க்யூ"வோடு முடிந்துவிடும்.

அந்த நேரத்தில்தான் வயிற்றில் ஒன்று தங்கியது. இவர் அன்றைக்கே சுத்தியலைத் துடைத்துப் பெட்டிக்குள் வைத்துவிட்டு வண்டியைப் படங்கால் மூடினார். தரையில்லாமல், கூரை சரிந்தபடி, அது முற்றத்தில் நின்றது. கென் வேலிக்கு மேலால் தலையை நீட்டி, என்ன சிவா, கைவிட்டாச்சோ, கோழியாவது வளர்க்கலாமே என்று கேலி பண்ணுவார். "பிஸி, பிஸி" என்று சொல்லிவிட்டு இவர் உள்ளே வருவார்.

"இவனுக்கு என்னெண்டு விளங்கப்படுத்திறது? ஆணிக்கும் பிள்ளைக்கும் என்ன தொடுசல் எண்டு கேட்டால் நான் என்னத்தைச் சொல்ல?"

"ஒண்டும் சொல்லாதேங்கோ. சிரிப்பினம்."

"சிரிக்கட்டும். முதல்ல பிள்ளை பிறக்கட்டும். பிறகு நானும் சேர்ந்து சிரிக்கிறன்."

ஏழாம் மாதம் பிரஷர் ஏறி என்னை ஆஸ்பத்திரியில் மறித்து வைத்தார்கள். இவர் வேலை முடிய நேரே என்னிடம் வருவார், இருட்டின பிறகுதான் வீட்டுக்குப் போவார். கென்னும் மார்ஜும் யோசித்திருக்கிறார்கள். பாவம், மனிசனுக்கு நேரமில்லை, பிள்ளை வரப்போகுது, வண்டி மழையில் உக்குது. எங்களுக்குச் சொல்லாமல் செய்து முடித்துச் சந்தோசப்படுத்த வேண்டுமென்று படங்கை நீக்கிவிட்டு வேலை தொடங்கியிருக்கிறார்கள். புதுத் தரை அடித்து, இரும்புக் கயிறு மாற்றி, மார்ஜின் கையால் பூப்போட்ட திரைச்சேலையும் போட்டு. எல்லாவற்றுக்கும் மேலாக, உள்ளே பக்கப் பலகையோடு சேர்த்து, பிள்ளைக்கு ஒரு சின்னத் தொட்டில். இவர் அதைக் கண்டிருக்கிறார். எனக்குச் சொல்லவில்லை.

பிள்ளை மூச்சில்லாமல் பிறந்தது. பெண்பிள்ளை என்று மட்டும் சொன்னார்கள். துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு போனார்கள், முகம் காட்டவில்லை. அந்த நாளில் அப்படித்தான். தாய் பார்க்காவிட்டால் கெதியாய் மறந்துவிடுவாள் என்று நினைத்தார்கள். எல்லாம் நாங்கள் பார்த்துக்கொள்ளுவோம் என்று தாதி என் கையைத் தடவிவிட்டா. அன்பாகத்தான் சொன்னா. நான் "தாங்க்யூ" என்றேன். ஊரில் பச்சைப்பிள்ளை செத்தால் கிரியை இல்லை, ஆனால் புதைத்த மூலை தகப்பனுக்குத் தெரியும். எங்கே கொண்டு போகிறீர்கள் என்று கேட்க எனக்கு வார்த்தை இருக்கவில்லை. இவருக்கு வார்த்தை இருந்தது, குரல் இருக்கவில்லை.

வீட்டு வாசலில் காரை விட்டு இறங்கினேன். பெட்டி வண்டியின் கூரை நேராக நின்றது. புது ஆணித் தலைகள் வெயிலுக்கு மினுங்கின. கென் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு "சொறி, லவ்" என்றார். நான் அவரைக் கடந்து உள்ளே போனேன்.

"ஆர் அடிச்சது?"

"கென்."

"எப்ப?"

"நீர் ஆஸ்பத்திரியில இருக்கேக்க." பிறகு, "ஆணியாலயோ பிள்ளை போகும்? பிரஷரால எண்டு டொக்டர் சொன்னவரெல்லே" என்றார்.

"அப்ப நீங்கள் ஏன் நிப்பாட்டினியள்?"

இவர் என் பையைத் தூக்கிக்கொண்டு அறைக்குள் போனார்.

நான் முகம் கொடுக்காததைக் கண்டு, தொட்டில்தான் என்னை வருத்துகிறது என்று கென்னும் மார்ஜும் நினைத்துவிட்டார்கள். ஒரு காலை முற்றத்தில் சத்தம் கேட்டுப் பார்த்தேன். கென் குந்தியிருந்து தொட்டிலின் ஆணிகளைப் பிடுங்கிக்கொண்டிருந்தார். மார்ஜ் ஏப்ரனால் கண்ணைத் துடைத்துக்கொண்டு நின்றா. தொட்டில் அல்ல, ஆணி என்று நான் எந்தப் பாஷையில் சொல்ல? சொல்லிவிட்டால், அந்த நல்ல மனிசன் என் பிள்ளையைத் தான் கொன்றதாக அல்லவா நினைப்பார்? வெளியே போய் மார்ஜின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கென் கண்மூடும்வரை அவருக்கு இது தெரியாது.

பிறகு ஒரு கிறிஸ்மஸ் விடுமுறைக்கு அந்த வண்டியைக் கடற்கரைக்கு இழுத்துக்கொண்டு போனோம். இரவெல்லாம் கித்தானில் மழை. அப்புவின் கூரை நினைவு வந்து நான் கையை நீட்டி நீட்டிப் பார்த்தேன். ஒரு துளி ஒழுகவில்லை. விடியத்தான் பார்த்தேன், தொட்டில் இருந்த இடத்து ஆணி ஓட்டைகளால் வெளிச்சம் உள்ளே வந்தது.

"மெழுகு வைச்சு அடைச்சுவிடட்டே?" என்று இவர் கேட்டார்.

"வேண்டாம். இருக்கட்டும்" என்றேன்.

இவர் கண்மூடிய பிறகு, சாம்பலை இவருடைய தம்பியார் ஊரில் கீரிமலைக் கடலில் கரைத்தார். இங்கே வந்து இருங்கோ, இனி அங்கே உங்களுக்கு ஆர் இருக்கினம் என்று ஊரிலிருந்து கேட்கிறார்கள். எனக்கு இங்கே ஒரு ஆள் இருக்கு என்று சொல்லிவிட்டேன். பெறாமகளைச் சொல்கிறேன் என்று நினைத்திருப்பார்கள்.

போன கிழமை எதிர்வீட்டுப் பெட்டை பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்து காட்டினாள். நல்ல சுகமான பிள்ளை. என் விரலை இறுக்கிப் பிடித்தது. அத்தனை ஆணி அடித்த பிறகும்.

இதில் நான் எழுதியது சரியோ தெரியாது. அது எந்த வருடம், எந்த மாதம் என்பதெல்லாம் குழம்பிவிட்டது. கேட்டுப் பார்க்கக் கென்னும் மார்ஜும் இல்லை. மற்றது பிழைத்தாலும் பரவாயில்லை. அந்த நாளில் மூச்சில்லாமல் பிறந்த பிள்ளைகளை எந்த மயானத்தில் வைத்தார்கள் என்று இப்போது விசாரித்து அறியலாமாம், தமிழ் வானொலியில் சொன்னார்கள். பெறாமகளிடம் இந்தக் கதையைச் சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது. இடம் தெரிந்தால் ஒரு சின்னப் பலகையாவது அடித்து வைக்கலாம். ஆணி அடிக்க இப்போது எனக்குப் பயமில்லை. பிள்ளைக்குப் பெயர் வைக்கவில்லை. தாயின் பெயரைக் கொண்டு தேடலாமாம். மன்றத்தில் என் பெயர் இருக்கிறது. ஆங்கிலம் தெரிந்த யாராவது ஒருக்கால் பார்த்துச் சொல்லுங்கள்.