சுண்ணாம்பு குடித்த பாலாடை

ஊட்டும்போது வாயை மூடிக்கொண்டால் ‘போதும்’ என்று பொருளா, ‘இப்போது வேண்டாம்’ என்று பொருளா? என் மகளுக்குக் கைக்குழந்தையில் பால் புகட்டிய வெள்ளிப் பாலாடையைக் கழுவும்போதெல்லாம் இந்தக் கேள்வி எழுகிறது. இன்றுவரை எனக்கு விடை தெரியவில்லை.

மகளுக்குப் பிறகு அந்தப் பாலாடையில் குடித்தது ஒரு எலி. திருப்பதியில் கல்லூரி ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்த என் கணவர் கொண்டுவந்த வெள்ளை எலி. மகள் அதற்குச் சுண்ணாம்பு என்று பெயர் வைத்தாள். அவள் பேசப் பழகி முடிப்பதற்குள் அது கிழடாகிவிட்டது.

என் மாமனார் விஜயபுரத்துப் பக்கம் கடலை பயிரிட்டவர். எலி வளையைத் தோண்டி, அது சேர்த்துவைத்த கடலையை அள்ளிக்கொண்டு, எலியை மண்வெட்டியால் ஒரே போடாகப் போடுகிறவர். எங்கள் ஊர் ஆந்திராவிலா, சென்னை மாநிலத்திலா என்ற எல்லைத் தகராறு நடந்த காலம் அது. மனு கொடுக்கச் சித்தூருக்கு அலைந்தவர், இடையிடையே எங்கள் வீட்டில் தங்குவார். “கடலக் கொல்லையில அடிச்சித் தொரத்தறத ஊட்ல வச்சி சோறு போடறியேடா” என்று மகனைக் கேலி செய்வார்.

ஒரு காலையில் சுண்ணாம்பின் தலை ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. வட்டமாகச் சுற்றிச் சுற்றி விழுந்தது. மாமனார் பழக்கதோஷத்தில் ஒரு கடலையை உடைத்துப் போட்டார். முன்னங்கால்களால் அதைப் பிடிக்க முடியாமல் நழுவவிட்டது. அவர் கேலி அத்தோடு நின்றது.

ஏதாவது தொற்றோ என்று பயந்து, மகளின் கைகளைத் தோல் சுருங்கும்வரை கழுவினேன். மாட்டாஸ்பத்திரி டாக்டர், “எலியைக் கொல்ல மருந்து கேட்டுத்தான் வருவாங்க. பொழைக்கக் கேட்டு நீங்கதாம்மா வந்திருக்கீங்க” என்று சிரித்து, வயதாகிவிட்டது, செய்ய ஒன்றுமில்லை என்றார். வலியில்லாமல் முடித்துவிடலாம், கல்லூரியில் மயக்கமருந்து இருக்கிறது என்றார் என் கணவர். அதுதான் சரியென்று தோன்றியது. மகளின் முகத்தைப் பார்த்தால் சரியில்லை என்றும் தோன்றியது.

மாமனார் அலமாரியிலிருந்து பாலாடையை எடுத்தார். நான் பதறிப்போனேன். “மாமா, அது பாப்பாவுடையது!”

“பாப்பா வளந்துட்ச்சிம்மா. இது துன்ன முடியாம கெடக்குது பாரு. வாயத் தொறக்கற வரிக்கும் குடுப்போம்.”

கேழ்வரகுக் கூழை நீர்க்கக் கரைத்து, பாலாடையின் மூக்கில் ஒரு சொட்டு நிற்கும்படி சாய்த்தார். மண்வெட்டி பிடித்துக் காய்த்த கையால் அதன் வாயருகே நீட்டினார். சுண்ணாம்பு நக்கியது. அதன்பின் அவர் சித்தூருக்குப் போகவில்லை. அழைக்க வந்தவர்களிடம், “ஊரு எந்தப் பக்கம்னு நீங்க போய்ப் பாருங்க. நான் இது எந்தப் பக்கம் சாயுதுன்னு பாத்துக்கினு கீறேன்” என்றார்.

பிறகொரு காலையில் சுண்ணாம்பு முகத்தைத் திருப்பிக்கொண்டது. “இன்னொரு தடவை கொடுத்துப் பாருங்கள் மாமா” என்றேன்.

“வேணாம்மா. போதும்னுது.”

மாலைக்குள் அவர் உள்ளங்கையிலேயே அடங்கிவிட்டது. வளை தோண்டிக் கடலை எடுத்த அதே கையால் கொல்லைப்புறத்தில் குழி தோண்டினார். மூடுமுன் ஒரு பிடி கடலையை உள்ளே போட்டார். அவரை எனக்கு மாமனாராகத்தான் தெரியும். அன்றுதான் எப்பேர்ப்பட்ட மனிதர் என்று தெரிந்தது.

ஊர் ஆந்திராவிலேயே நின்றுவிட்டது. மாமனார் இப்போது எங்கள் வீட்டில் படுத்திருக்கிறார். ஒரு பக்கம் கைகால் விழுந்துவிட்டது, பேச்சில்லை. அதே பாலாடையில் நான்தான் கஞ்சி கொடுக்கிறேன். நேற்று வாயை மூடிக்கொண்டார். எப்படியாவது கொடுங்கள் என்கிறார் டாக்டர். “தாத்தாவுக்குப் போதுமாம்மா” என்கிறாள் மகள். சற்றுப் பொறுத்து மறுபடி நீட்டினேன். என்னைப் பார்த்தார், ஒரு வாய் வாங்கிக்கொண்டார். பசித்தா, எனக்காகவா?

படுக்கையில் இருப்பவர்களைப் பார்த்துக்கொண்ட அனுபவம் உள்ளவர்கள் தயவுசெய்து எனக்குச் சொல்லுங்கள். மூடிய வாயருகே பாலாடையை எவ்வளவு நேரம் பிடித்திருக்கலாம்?