என் கட்டைவிரல் கேட்ட வெயிட்டிங் ஷெட்

ரேஷன் கடை ஷட்டரை ஆனை பிடுங்கிப் போட்டதே, அதற்கு அடுத்த மழைக்குத்தான் இது நடந்தது. வருஷம் கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. பள்ளிக்கூடம் போனவன் இல்லை நான். எனக்குக் காலண்டர் என்பது ஆனை, மண்சரிவு, சாவு இந்த மூன்றுதான்.

அந்த ஆனை இரண்டு மூட்டை அரிசியைத் தின்றது. என் கண்ணால் பார்த்தேன். ஆனால் கடைக்காரர் எழுதிக் கொடுத்த பேப்பரில் அது ஆட்டா மாவையும் தின்று, மேலே மண்ணெண்ணெயும் குடித்திருந்தது. அத்தனை மண்ணெண்ணெய் குடித்த ஆனை எப்படி மலை ஏறிப் போயிற்று என்று யாரும் கேட்கவில்லை. பேப்பரில் இருந்தால் குடித்ததுதான். இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், நான் சொல்ல வந்ததும் பேப்பர் விஷயம்தான்.

தேவிகுளத்துக்கு மேலே எங்கள் எஸ்டேட். நடுவில் ஓர் ஆறு. இக்கரையில் தொழிலாளிகள் குடியிருக்கிற ஒரு லயம், அக்கரையில் ஒரு லயம். ஆபீஸ், பேர் கூப்பிடுகிற மஸ்டர், டிஸ்பென்சரி, ஜீப் ரோடு எல்லாம் அக்கரையில். இக்கரையில் நாங்களும் அட்டையும். நானும் வீட்டுக்காரியும் ரிட்டையர்டு ஆகிவிட்டோம். மகன் ஃபேக்டரியில் இருப்பதால் லயத்து வீடு இன்னும் எங்களிடம் இருக்கிறது. ஆற்றைக் கடக்க இரண்டு கிராண்டிஸ் மரத்தடி போட்டிருந்தது. பச்சைப் பாசி பிடித்து, சோப்புப் போட்டது மாதிரி இருக்கும். அதில்தான் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போனது, பொம்பளைகள் கொழுந்து எடுக்கப் போனது, ஒரு தரம் ஓர் அலமாரியும் போனது. அலமாரி பத்திரமாகப் போய்ச் சேர்ந்தது. என் வீட்டுக்காரிதான் விழுந்தாள்.

முழங்கால் சில்லு உடைந்துவிட்டது. பெரிய ஆஸ்பத்திரியில் கம்பி வைத்து அனுப்பினார்கள். நடக்கலாம், தடி மேல் மட்டும் ஏறக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதோடு அவள் இக்கரைக்காரி ஆகிவிட்டாள். இரண்டு மழைக்காலம் ஆற்றைத் தாண்டவில்லை. நாலு பேர் கம்பளியில் வைத்துத் தூக்கிப்போக வந்தார்கள். "உசுரோட இருக்கும்போது அப்பிடி போறதா? அதுக்குன்னு ஒரு நாள் இருக்கு, அன்னைக்கு வாங்க" என்று விரட்டிவிட்டாள்.

அவள் தங்கச்சி, என் கொழுந்தியா, அக்கரை லயத்தில் இருக்கிறாள். அக்காவும் தங்கச்சியும் ஒரு நாள் பேசாமல் இருந்தவர்கள் இல்லை. போனில் டவர் கிடைக்காது. அதனால் ஆளுக்கொரு கரையில் நின்று கத்துவார்கள்.

"ஏட்டீ! என்ன கொழம்பு?"

"கருவாட்டுக் கொழம்புக்கா! ஒனக்கு?"

"என்னத்த வைக்க? இந்த மனுசனுக்கு ராப்பூரா ஏப்பம்!"

ஆற்றின் இரைச்சலையும் தாண்டிப் போகும் சத்தம் அது. மறுநாள் சூப்பர்வைசர் ஜீப்பை நிறுத்தி, "என்ன பெரியவரே, ஏப்பம் தேவலையா?" என்று கேட்பார். எங்கள் வீட்டில் ரகசியம் என்று ஒன்று கிடையாது.

கொழுந்தியா மகளுக்குக் குழந்தை பிறந்தது. பச்சைப் பிள்ளையைத் தடி மேல் தூக்கிவரப் பெற்றவள் விடவில்லை. அதுவும் நியாயம். கொழுந்தியா அக்கரைப் பாறையில் நின்று குழந்தையைத் தூக்கிக் காட்டினாள். என் வீட்டுக்காரி இக்கரையில் நின்று, "மூக்கு நம்ம அம்மா மூக்குடீ!" என்று கத்தினாள். அங்கேயிருந்து பார்த்தால் தலை எது கால் எது என்றே தெரியாது. நான் அதைச் சொல்லவில்லை. அன்று முழுக்க அவள் கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பிறகு ஒன்று சொன்னாள்: "ஒரு பாலம் இருந்தா அந்தப் புள்ளைய ஒரு தரம் தூக்கிப் பாத்துருவேன்." அவ்வளவுதான் கேட்டாள்.

இப்போது என் கட்டைவிரல் கதைக்கு வருகிறேன்.

எஸ்டேட்டில் வருஷத்துக்கு ஒரு கம்பளி தருவார்கள். சொரசொரவென்று இருக்கும். போர்த்தினால் குளிர் போகும், தூக்கமும் போகும். அதை மஸ்டரில் வைத்துத்தான் கொடுப்பார்கள். மேஜையில் ஒரு புத்தகம், ஒரு மை டப்பா. விரலை வைத்தால் கம்பளி. என் இடது கட்டைவிரலுக்கு இது நாற்பது வருஷப் பழக்கம். மை டப்பா திறக்கிற சத்தம் கேட்டாலே அது தானாக நீண்டுவிடும். இப்போது மகனுடைய கம்பளியை வாங்கப் போவதும் நான்தான். அதிலும் வரிசையில் முதல் ஆளாக நிற்பேன். அது எனக்கு ஒரு கிறுக்கு.

அந்த மேஜையில் புத்தகம் ஒன்றல்ல, இரண்டு இருக்கும். முதல் புத்தகம் எஸ்டேட்டுடையது. இரண்டாவது, வார்டு மெம்பரின் ஆள் கொண்டுவந்து வைத்திருப்பது. எங்களுக்கு இரண்டும் ஒன்றுதான். ஒரு கம்பளிக்கு இரண்டு விரல் வைக்க வேண்டும், சர்க்கார் சட்டம் அப்படி என்று லயம் மொத்தமும் நினைத்திருந்தோம். கையெழுத்துத் தெரிந்தவர்கள் ஒப்பு போட்டார்கள், நாங்கள் கைநாட்டு வைத்தோம். கம்பளியைத் தோளில் போட்டுக்கொண்டு வந்துவிட்டோம்.

இப்படி இருக்கையில், ஜீப் ரோட்டுத் திருப்பத்தில் ஒரு வெயிட்டிங் ஷெட் முளைத்தது. டைல்ஸ் போட்டு, உட்காரக் கல் பெஞ்சு போட்டு, மெம்பர் கும்பிடுகிற போட்டோவும் வைத்து, சும்மா சொல்லக் கூடாது, அழகாகத்தான் இருந்தது. ஒரே குறை, அந்த ரோட்டில் பஸ் கிடையாது. அன்றும் கிடையாது, இன்றும் கிடையாது. ஆடுகள் படுத்திருக்கும். மூணாறு பார்க்க வந்தவர்கள் ஒதுங்கி நின்று, "பஸ் எப்ப வரும்?" என்பார்கள். "ஷெட்டு வந்துட்டு, பஸ்ஸும் ஒரு நாள் வரும்" என்பேன்.

ஷெட்டில் ஒரு கல் பதித்திருந்தார்கள், மலையாள எழுத்தில். எங்கள் அங்கன்வாடி டீச்சர் மலையாளம் படித்தவள். ஒரு நாள் நான் அங்கே பீடி பற்றவைத்துக்கொண்டிருக்கும்போது வந்து, கல்லைப் படித்தவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"மாமா, இதுல ஒங்க பேரு இருக்கு."

சத்தியமாகச் சொல்கிறேன், முதலில் சந்தோஷமாகத்தான் இருந்தது. செத்தால்கூட எனக்கென்று ஒரு கல் நிற்காது என்று நினைத்திருந்தவன் நான். விரலால் என் பேரைத் தடவிப் பார்த்தேன். அதுவா என்றுகூடத் தெரியாது, அவள் காட்டிய இடத்தைத் தடவினேன்.

"எதுக்கு என் பேரு?"

"கிராமசபையில இந்த ஷெட்டு வேணும்னு கேட்டது நீங்கதானாம்."

"கிராமசபையா? அது எங்கன இருக்கு?"

டீச்சர் அதோடு விடவில்லை. பஞ்சாயத்து ஆபீசுக்கு ஏதோ வேலையாகப் போனவள் மினிட்ஸ் புத்தகத்தைக் கேட்டு வாங்கிப் பார்த்துவிட்டாள். அந்த இரண்டாவது புத்தகம்தான் அது. கிராமசபை என்றால் வார்டு சனம் கூடி, என்ன வேலை முதலில் வேண்டும் என்று பேசி முடிவு பண்ணுகிற யோகமாம், அதாவது கூட்டம். இத்தனை பேர் வந்தால்தான் செல்லுமாம். நாங்கள் வருஷா வருஷம் கூடியிருக்கிறோமாம், டீ பிஸ்கட்டும் சாப்பிட்டிருக்கிறோமாம். போன கூட்டத்தில் ஆற்றுக்குப் பாலமா, ரோட்டுக்கு ஷெட்டா என்று பேச்சு வந்தபோது, முதல் ஆளாக எழுந்து, பாலத்துக்கு இப்போது அவசரமில்லை, ஷெட்தான் வேண்டும் என்றது நான். முதல் நாட்டு என்னுடையது, அதனால் என் பேரை எழுதிவிட்டார்கள். அந்த பிஸ்கட் எப்படி இருந்திருக்கும் என்று இன்றுவரை யோசிக்கிறேன்.

என் வீட்டுக்காரிக்கு நான் சொல்ல வேண்டியிருக்கவில்லை. டீச்சர் கொழுந்தியாவிடம் சொல்ல, கொழுந்தியா ஆற்றங்கரைக்கு வந்து மொத்த மலைக்கும் சொல்லிவிட்டாள்.

வீட்டுக்காரி என்னோடு பேச்சை நிறுத்திவிட்டாள். சோறு மட்டும் வைப்பாள். வைத்துவிட்டு வெளியே போய்க் கத்துவாள்: "ஏட்டீ! அந்த ஆளுகிட்ட சொல்லு, சோறு ஆறுதுன்னு!"

அக்கரையிலிருந்து பதில் வரும்: "மச்சான்! சோறு ஆறுதாம்!"

பக்கத்து வீட்டுக்காரன் சிரித்துச் சிரித்தே செத்தான். நிஜமாகச் சாகவில்லை, இருக்கிறான்.

அடுத்த கம்பளிக்கு நாள் வந்தது. இனிமேல் கூட்டம் கூடாமல் இரண்டாவது புத்தகத்துக்கு யாரும் விரல் கொடுப்பதில்லை என்று அக்காவும் தங்கச்சியும் ரகசியமாகத் திட்டம் போட்டார்கள். ரகசியமாக என்றால், ஆற்றுக்குக் குறுக்கே கத்தி. பஜாரில் டீ குடித்துக்கொண்டிருந்த மெம்பர் காதுவரை போய்விட்டது. அவர் சிரித்தாராம். சிரித்தாலும் அன்றைக்கு ஆளை அனுப்பாமல் தானே வந்துவிட்டார்.

மெம்பரும் நம்ம சனம்தான், லயத்தில் பிறந்தவர்தான். வெள்ளை வேட்டி கட்டியபிறகு லயத்துப் பக்கம் வருவது ஓட்டுக்கும் சாவுக்கும் மட்டும். மேஜையில் புத்தகத்தை விரித்து, மை டப்பாவைத் திறந்தார். டக்கென்று சத்தம். நான்தான் முதல் ஆள். என் விரல் அது பாட்டுக்கு நீண்டுவிட்டது. மைக்கும் விரலுக்கும் நடுவில் கொழுந்தியா பாய்ந்து என் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"மச்சான்! வெக்கமா இல்ல? அக்கா கால் ஒடஞ்ச மாதிரி ஒங்க வெரலயும் ஒடைக்கணுமா?"

"நான் எங்கட்டி நீட்டுனேன், அதா நீளுது!"

நான் அந்தக் கையைப் போர்த்தியிருந்த பழைய கம்பளிக்குள் திணித்துக்கொண்டேன். திரும்பிப் பார்த்தால், வரிசையில் இருந்த பொம்பளைகள் எல்லாரும் கையைப் போன வருஷத்துக் கம்பளிக்குள் ஒளித்திருந்தார்கள். கையில்லாதவர்கள் ஊர்வலம் மாதிரி இருந்தது.

மெம்பர் குழைந்தார். "என்ன மதினி இது? வெறும் ஒப்புதான? கூட்டம் வச்சா ஒங்களுக்குத்தான் ஒரு நாள் வேலை கெடும்."

"கெட்டா கெட்டுட்டுப் போகுது. ஞாயித்துக்கெழம வைங்க."

"சரி, பஞ்சாயத்து ஹாலுக்கு வாங்க."

"எங்கக்கா எப்பிடி வருவா? அவளுக்கு இந்த வார்டுலதான ஓட்டு? அவ வாசல்ல வைங்க கூட்டத்த."

"அங்கயா? அதுக்கு ஆத்தைத் தாண்டணுமே!"

சொல்லிவிட்டு அவரே வாயை மூடிக்கொண்டார். ஆனால் சொன்னது சொன்னதுதான், எல்லாரும் கேட்டாயிற்று. புத்தகத்தில் விரல் விழாவிட்டால் வார்டுக்கு வருகிற வேலை எதுவும் வராது என்பது அவருக்குத் தெரியும். வேறு வழியில்லை.

ஞாயிற்றுக்கிழமை வந்தார்கள். நல்ல மழை. மெம்பரோடு பஞ்சாயத்து ஆபீசர் ஒருவர், கீழே நாட்டிலிருந்து வந்த மலையாளி, நல்ல மனிதர். தடியைப் பார்த்தார். தண்ணீரைப் பார்த்தார். தன் ஷூவைப் பார்த்தார். "ஞான் இவிடே நின்னோளாம்" என்று அக்கரையிலேயே நின்றுவிட்டார். மெம்பர் மட்டும் வேட்டியை மடித்துக் கட்டித் தடி மேல் ஏறினார். இரண்டடி நடந்தார். அப்புறம் உட்கார்ந்தார். குதிரைமேல் உட்கார்கிற மாதிரி இரண்டு பக்கமும் காலைப் போட்டு, நகர்ந்து நகர்ந்து வந்தார். வெள்ளை வேட்டி பச்சை வேட்டி ஆனது. இரண்டு கரையிலும் சனம். யாரும் சிரிக்கக் கூடாது என்று பேசி வைத்திருந்தோம். பேசி வைத்தது வீண்.

இக்கரையில் மெம்பர், அக்கரையில் புத்தகம். கூட்டம் எப்படி நடத்துவது? அதற்குத்தான் எங்களிடம் இரண்டு பேர் இருந்தார்களே. ஆபீசர் கேட்பதைக் கொழுந்தியா கத்துவாள், வீட்டுக்காரி பதில் கத்துவாள். மைக் செட் வைத்துக்கூட அத்தனை தெளிவாகக் கேட்காது.

"என்ன வேணும்னு கேக்காரு!"

"பாலம்!"

"வேற?"

"பாலம்னு சொல்லுட்டி! வேற என்னத்த? கைப்பிடியோட!"

ஆபீசர் குடைக்குக் கீழே எழுதினார். டீச்சர் அதை வாசித்துச் சொன்னாள், அதுவும் ஆற்றைத் தாண்டி வந்தது. பிறகுதான் விரல். புத்தகத்தைப் பிளாஸ்டிக் பையில் சுற்றித் தடி வழியாகக் கொண்டுவந்தார்கள். வீட்டுக்காரி முதல் நாட்டு வைத்தாள். அப்புறம் என் பக்கம் திரும்பி, மூன்று மாதத்துக்குப் பிறகு முதல் தடவையாக நேராகப் பேசினாள்: "ம், இப்ப நீட்டும்."

பாலம் வர இன்னும் இரண்டு மழை ஆயிற்று. அதற்குள் அந்தக் குழந்தையே நடக்கப் படித்துவிட்டது. பாலத்தில் அதுதான் முதலில் ஓடிவந்தது. வீட்டுக்காரி தூக்கி வைத்துக்கொண்டு மூக்கைப் பார்த்தாள். "நம்ம அம்மா மூக்கு இல்லடி இது" என்றாள். அப்படியும் இறக்கிவிடவில்லை.

அடுத்த தேர்தலில் எங்கள் வார்டைப் பெண்களுக்கு என்று ஒதுக்கிவிட்டார்கள். மெம்பர் தன் வீட்டம்மாவை நிறுத்தினார். எங்கள் ஆட்கள் கொழுந்தியாவை நிறுத்தினார்கள். அவளுக்கு மைக் தேவைப்படவில்லை. ஜெயித்துவிட்டாள்.

இதோடு நிறுத்தினால் நன்றாகத்தான் இருக்கும். ஆனால் போன மாதம், புது மெம்பர், அதாவது என் கொழுந்தியா, கக்கத்தில் அந்தப் புத்தகத்தோடு பாலம் தாண்டி எங்கள் வீட்டுக்கு வந்தாள். டீ குடித்தாள். மை டப்பாவை எடுத்துத் திறந்தாள். டக்.

"மச்சான், ஒரே ஒரு நாட்டு. கூட்டத்துக்கு நேரமில்ல, ஆயிரம் வேலை கெடக்கு."

என் விரல் நீண்டது. வீட்டுக்காரி அடுப்பங்கரையிலிருந்து வந்து என் கையைத் தட்டிவிட்டு, தங்கச்சியை வாசல்வரை கொண்டுபோய் விட்டாள்.

"கூட்டம் போடு, வாரேன். இப்பந்தான் பாலம் இருக்கே."

இரண்டு பேரும் இப்போது பேசிக்கொள்வதில்லை. லயம் அமைதியாக இருக்கிறது, எனக்கு ஏப்பம் இருக்கிறதா என்று யாருக்கும் தெரியாது. வருகிற ஞாயிற்றுக்கிழமை கூட்டம் என்று நேற்று டீச்சர் சொல்லிவிட்டுப் போனாள்.

நீங்கள் சாந்தன்பாறைப் பக்கம் போகிற ஆள். அங்கேயும் கம்பளி கொடுக்கிற மேஜையில் இரண்டு புத்தகம் இருக்கும். நம்ம ஆட்களிடம் இதைச் சொல்லிவிட்டுப் போங்கள். கம்பளிக்கு ஒரு விரல் போதுமாம்.