பரவாத கட்டியின் மேல் பொறாமை

முள்ளிப்பட்டில் அடுத்தவள் புடவையைப் பார்த்துப் பொறாமைப்பட்டவர்கள் உண்டு, அடுத்த வீட்டு மருமகளைப் பார்த்து வயிறெரிந்தவர்களும் உண்டு. நெசவுக்காரி ரேணுகாம்பாள் பொறாமைப்பட்டது, எதிர்வீட்டு பவித்ராவின் மார்பில் வந்த கட்டியைப் பார்த்து.

ரேணுகாவுக்கும் அதே வருடம்தான் கட்டி வந்தது. கையில் தட்டுப்பட்ட மறுநாளே வேலூருக்கு பஸ் ஏறினாள். பவித்ராவோ பயந்துபோய், வீட்டில் கல்யாணம் இருக்கிறது, ஆடி முடியட்டும் என்று மாதக்கணக்கில் இழுத்தடித்துவிட்டுத்தான் போனாள். இருவருக்கும் ஏறக்குறைய ஒரே அளவு கட்டி, இருவருக்கும் ஆபரேஷன். ஆனால் ரேணுகாவின் புற்றுநோய்தான் முதுகெலும்புக்குப் பரவியது. தறியில் உட்கார முடியவில்லை. முதலாளி அவளுக்குக் கொடுத்துவந்த வேலையும் பவித்ராவின் தறிக்கே போய்விட்டது. எப்படி எரியாமல் இருக்கும்? ஊர் வேறு, "லேட்டா பாத்திருப்பா" என்றது.

"நான் இன்னா தப்பு பண்ணேன் டாக்டர்?" என்று டாக்டர் அன்புச்செல்வியிடம் கேட்டே விட்டாள்.

"தப்பு உங்களுது இல்லம்மா. ஒவ்வொரு செல்லுக்குள்ளயும் சாமான் ஏத்தி இறக்கற புரதங்க இருக்கு. சில கட்டியில அதுங்க ஓவரா வேலை செய்யும். சுத்தி இருக்கற சதைய அரிக்கற சாமானையெல்லாம் செல்லோட ஓரத்துக்குக் கொண்டாந்து சேத்துடும். செல்லு வழி பண்ணிகினு வெளிய போயிடும். உங்களுக்கும் அதுதானான்னு சோதிச்சாதான் தெரியும்."

பரவிய கட்டியையும் பரவாத கட்டியையும் ஒப்பிட்டு ஆராய்ச்சி நடப்பதாகவும், ஆபரேஷனில் எடுத்து வைத்த சதையே போதும் என்றும் சொன்னார். ரேணுகா அங்கேயே சம்மதித்தாள். ஊர் திரும்பியதும் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நேராக பவித்ரா வீட்டுக்குள் போய், டாக்டர் சொன்ன புரதக் கதை முழுவதையும் சொன்னாள்.

"எனக்கு உன்மேல பொறாமையா கீதுடி. லேட்டா போனவ நீ, பரவுனது எனக்கு. ஏன்னு எனக்குத் தெரிஞ்சாவணும். உன் கட்டியயும் ஆராய்ச்சிக்குக் குடு."

பவித்ரா தறியை விட்டு எழவே இல்லை. "வேணாம்க்கா. பாத்துட்டு, உனக்கும் அந்தப் புரதம் கீது, இனிமே பரவும்னு சொல்லிட்டாங்கன்னா? அப்புறம் நான் எப்பிடிக்கா தூங்குவேன்?"

அவள் பயத்தைப் பார்த்ததும் ரேணுகாவுக்கு முதலில் சந்தோஷமாகத்தான் இருந்தது. நன்றாகப் பயப்படட்டும்! பிறகு, ஸ்கேன் ரிசல்ட் வந்த அன்று தானும் விடிய விடியத் தூங்காமல் கிடந்தது நினைவுக்கு வந்தது.

"சரி, வுடு. நம்ம ரெண்டு பேர்ல ஒருத்தியாவது நிம்மதியா தூங்கட்டும்" என்றாள். அந்தத் தூக்கத்தின் மேலும் பொறாமைப்பட்டுக்கொண்டே தெருவைக் கடந்தாள்.