யமுனா நடந்து போட்ட கணக்கு

யமுனாவுக்கு உட்கார்ந்தால் புத்தி ஓடாது. இதைக் கண்டுபிடிக்க அவளுக்கே முப்பத்தொன்பது வயதாயிற்று. அதுவரைக்கும் தன் மண்டையில் இருப்பது களிமண்தான் என்று நம்பிக்கொண்டிருந்தாள். ஊரும் அதை மறுத்துப் பேசவில்லை.

ஆந்திராவில் புத்தூருக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஊர். அங்கே அங்கன்வாடியில் உதவியாளர் வேலை. பதினோரு வருடமாக முட்டை அவிப்பது, மூக்குத் துடைப்பது, தூங்க வைப்பது எல்லாம் அவள்தான். பாட்டும் முக்கால்வாசி அவள் சொல்லிக்கொடுத்ததுதான். டீச்சர் நாற்காலி மட்டும் அவளுடையது இல்லை. டீச்சர் மனோரமா ஜூன் மாதத்தோடு ஓய்வு பெறுகிறார். அதற்குள் யமுனா பத்தாவது தேறினால் அந்த இடம் அவளுக்கு, இல்லையென்றால் வெளியூரிலிருந்து யாரையாவது போடுவோம் என்று சூப்பர்வைசர் அம்மா கறாராகச் சொல்லிவிட்டார். ஓபன் ஸ்கூலில் பணம் கட்டி எழுதியதில் மற்ற பாடமெல்லாம் தேறியாயிற்று. கணக்குதான் இரண்டு தடவை காலை வாரிவிட்டது. முதலில் இருபத்தெட்டு, அப்புறம் முப்பத்தொன்று. வேண்டியது முப்பத்தைந்து. நாலு மார்க்குக்காக அந்தப் பிள்ளைகளை எவளோ ஒருத்தியிடம் விட்டுவிட்டு, அவளுக்குக் கீழே கூட்டிப் பெருக்குவதா?

படிக்கத்தான் உட்கார்ந்தாள். உட்கார்ந்த உடனே மாட்டுக்குத் தண்ணி வைத்தோமா, அடுப்பை அணைத்தோமா என்று மனசு வீட்டைச் சுற்றக் கிளம்பிவிடும். அது திரும்பி வருவதற்குள் கண் சொக்கிவிடும்.

ஜனவரியில் ஒருநாள் காலை பஸ் வரவில்லை. புத்தூரில் மீட்டிங். வேறு வழியில்லாமல் நடந்தாள். முந்தின நாள் மல்லுக்கட்டிவிட்டுத் தூக்கிப்போட்ட கணக்கு ஒன்று தானாக நினைவுக்கு வந்தது. ஒரு குழாய் தொட்டியை ஆறு மணி நேரத்தில் நிரப்பும், இன்னொன்று மூன்று மணி நேரத்தில் நிரப்பும், இரண்டையும் சேர்த்துத் திறந்தால்? ஒரு மணி நேரத்துக்கு ஆறில் ஒன்று, மூன்றில் ஒன்று, சேர்த்தால் பாதி. அப்படியென்றால் இரண்டு மணி நேரம். யமுனா நடுரோட்டில் நின்றுவிட்டாள். பின்னால் வந்த ஆட்டோக்காரன் திட்டிக்கொண்டே ஒதுங்கிப் போனான். அவளுக்கு அது காதில் விழவேயில்லை.

மறுநாளிலிருந்து விடிகிற நேரத்தில் திருப்பதி ரோட்டில் நாலு கிலோமீட்டர் நடை. கிளம்பும் முன் இரண்டு கணக்கை மனப்பாடம் செய்துகொள்வாள், திரும்பி வந்ததும் நோட்டில் எழுதுவாள். செருப்புச் சத்தம் எண்ணத்தைக் கலைக்கிறதென்று வெறுங்காலோடு போனாள். மாமியார் கமலம்மா சும்மா விடுவாளா?

"பொம்பள ஒரு வேலையும் இல்லாம ரோட்ல திரிஞ்சிக்கினு இருந்தா ஊர் இன்னாடி சொல்லும்?"

ஊர் வேறு மாதிரி சொல்லிற்று. தலைக்குக் குளித்த ஈரம், பழைய மஞ்சள் புடவை, வெறுங்கால், போகிற திசையோ திருப்பதி. அந்தப் பக்கத்துக்காரர்களுக்கு இதற்கு மேல் என்ன வேண்டும்? டீக்கடை துலுக்காணம் கும்பிட்டுக்கொண்டே வெளியே வந்தார்.

"மலைக்கு வேண்டுதலா தாயி? கோவிந்தா, கோவிந்தா."

யமுனா ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. அப்போது பாதிக் கணக்கில் இருந்தாள். அந்த மௌனம் அவள் வேலையைச் சுலபமாக்கிவிட்டது. வேண்டுதல் என்றதும் கமலம்மா வாயை மூடிக்கொண்டு தானே அடுப்பு மூட்டினாள். மலையடிவாரம் அலிபிரியில் என்றைக்குப் படியேறப்போகிறாய் என்று மட்டும் கேட்டாள். பரீட்சை முடியட்டும் என்றாள் யமுனா. உள்ளுக்குள் உறுத்தியது. ஆனாலும் காலை நேரம் கைக்கு வந்துவிட்டதே, அதை விட மனசு வரவில்லை.

தொல்லை வேறு வழியில் வந்தது. என் பெண்ணுக்கு வரன் அமையணும், என் போர்வெல்லில் தண்ணி வரணும் என்று ஆளாளுக்கு வழியில் நிறுத்தித் தங்கள் குறையை அவளிடம் ஒப்படைத்தார்கள். கணக்கு சிதறிப்போனது. ஒரு வாரம் பொறுத்தாள். அப்புறம் அழுத்தமாகச் சொல்லிவிட்டாள்.

"போவும்போது என்னாண்ட பேசாதீங்க. பேசினா கெட்டுப்பூடும்."

மௌன விரதம் என்று எடுத்துக்கொண்டு ஊரே வழிவிட்டது.

ஏப்ரலில் பரீட்சை. வினாத்தாளைப் பார்த்தாள். பழகின கணக்குகள்தான். ஆனால் பெஞ்சில் உட்கார்ந்த மாத்திரத்தில் மண்டை பழையபடி அடைத்துக்கொண்டது. அரை மணி நேரம் போயிற்று, தாளில் அவள் நம்பர் மட்டும் இருந்தது. மூன்றாவது தடவையும் போச்சு என்று நினைத்தாள். எழுந்து நின்றாள்.

"கூர்ச்சோம்மா" என்று மேற்பார்வை செய்தவர் உட்காரச் சொல்லித் தெலுங்கில் அதட்டினார்.

"நீளு காவாலி சார்" என்றாள். தண்ணீர் வேண்டுமாம்.

தண்ணீர்க் கேன் வராந்தாவின் மறுகோடியில் இருந்தது. துணைக்கு ஒரு அட்டெண்டர் அம்மா வந்தார். அடுத்தடுத்த இரண்டு எண்களைப் பெருக்கினால் முந்நூற்றாறு, அவை எவை? போகும்போது பதினாறும் பதினேழும் போதவில்லை. திரும்பும்போது பதினேழும் பதினெட்டும் சரியாக வந்து நின்றன. உட்கார்ந்து மளமளவென்று எழுதினாள். அன்றைக்கு அவள் ஐந்து தடவை தண்ணீர் குடித்தாள். சர்க்கரை வியாதியா என்று அட்டெண்டர் அம்மா பரிதாபமாகக் கேட்டார். யமுனா தலையை ஆட்டிவைத்தாள். கடைசி மணி அடித்தபோது ஒரு கணக்குதான் மிச்சம்.

முடிவு வந்த அன்று டீக்கடை வாசலில் புருஷன் சிரஞ்சீவிதான் போனில் பார்த்தான். பார்த்தவன் போனை அவளிடம் நீட்டினான். தேறியிருந்தாள். அங்கேயே நின்று அழுதாள், சிரித்தாள், இரண்டும் ஒன்றாக வந்தது.

அதற்குள் கூட்டம் கூடிவிட்டது. "நான் சொல்லல? வேண்டுதலு பலிச்சிடுச்சி. நடந்த நடைக்கு சாமி பாஸ் போட்டுட்டாரு" என்றார் துலுக்காணம். கமலம்மாவும் கண்ணை மூடிக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

யமுனாவுக்குச் சுருக்கென்றது. பேசாமல் இருந்துவிட்டால் பேரும் கெடாது, வீட்டிலும் சண்டை வராது. ஆனால் இதை மட்டும் விட்டுக்கொடுக்க முடியாது என்று தோன்றிற்று. முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"நான் வேண்டிக்கவே இல்ல மாமா. ஒக்காந்தா எனக்குக் கணக்கு வராது, நடந்தாதான் வருது. அதுக்குத்தான் நடந்தேன். சாமிக்கு நான் எந்தத் தொந்தரவும் குடுக்கல. கணக்கு அத்தினியும் நானே போட்டேன்."

துலுக்காணத்தின் கையில் டீ ஆறியது. "அப்போ நாங்க உன்னாண்ட சொன்ன வேண்டுதலு?"

"அதுக்கு நீங்கதான் நடக்கணும்."

எல்லாரும் கமலம்மாவைத்தான் பார்த்தார்கள். மூன்று மாதம் விடிகாலையில் எழுந்து அடுப்பூதினவள் அவள். மருமகளை மேலும் கீழும் ஒரு பார்வை பார்த்தாள்.

"எத்தினி மார்க்கு?"

"அறுபத்தெட்டு அத்தே."

"நூத்துக்கா?"

"நூத்துக்குதான்."

கமலம்மா முந்தானையை உதறி இடுப்பில் செருகிக்கொண்டு துலுக்காணத்தின் பக்கம் திரும்பினாள்.

"கேட்டுக்கினியா? என் மருமவ போட்ட கணக்கு அது. இனிமே டீச்சரம்மான்னு கூப்டு."