ஆளி விதைக்குப் போட்ட வாய்ப்பூட்டு

என் வீட்டுக்காரர் இங்கிலீஷ் வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்ற ஆம்பளைகள் கோவில் கமிட்டியில் சேருவார்கள், இல்லாவிட்டால் பேரப்பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் விட்டு வருவார்கள். இவரைக் கமிட்டியில் சேர்க்கவில்லை. பேசியே கொன்றுவிடுவார் என்று அவர்களுக்கும் தெரிந்திருந்தது. பேரப்பிள்ளைக்கும் வழியில்லை. எங்களுக்கு ஒரே மகள், முப்பது வயதாகியும் கல்யாணம் கூடி வரவில்லை. சும்மா இருந்த மனுஷனை ஒரு செடி பிடித்துக்கொண்டது. பேய் பிடித்தாலாவது வேப்பிலை அடிக்கலாம். ஆளிச் செடி பிடித்தால் யாரிடம் போய்ச் சொல்வது?

ஆரம்பித்து வைத்தது டாக்டர். ரத்தத்தில் கொழுப்பு கொஞ்சம் கூடியிருக்கிறது, ஆளி விதை சேர்த்துக்கொள்ளுங்கள் என்று ஒரு வார்த்தை சொன்னார். அன்றைக்கே நாட்டு மருந்துக் கடைக்குப் போய் ஒரு பை நிறைய வாங்கி வந்தார். எள்ளை விடக் கொஞ்சம் பெரிதாக, பழுப்பாகப் பளபளவென்று இருந்தது. வறுத்துப் பொடித்து இட்லி மாவில் போட்டார், மோரில் போட்டார், எனக்குத் தெரியாமல் சாம்பாரிலும் போட்டார். தண்ணீர் பட்டால் அது வெண்டைக்காய் மாதிரி வழவழக்கும். மூன்று மாதம் எங்கள் வீட்டு வெஞ்சனம் எல்லாம் தொண்டையில் தானாக வழுக்கிக்கொண்டு போனது.

தின்பதோடு நின்றிருந்தால் பொறுத்திருப்பேன். அந்தச் செடியைப் பற்றிப் படிக்க ஆரம்பித்தார். நான் வீட்டு முன்னறையில் தையல் மெஷின் போட்டு பிளவுஸ் தைக்கிறவள். ஒரு நாள் மெஷின் பக்கத்தில் வந்து நின்றுகொண்டார்.

"லைனிங் லைனிங்னு சொல்றியே, அது எங்கருந்து வந்துச்சுன்னு தெரியுமா?"

"ஜவுளிக் கடையிலருந்து."

"அதுக்கு முன்னாடி?"

"ஈரோட்டுலருந்து."

தலையில் அடித்துக்கொண்டு விளக்கினார். ஆளிச் செடியின் தண்டில் நார் இருக்கிறதாம், அந்த நாரில் நெய்த துணிதான் லினன். வெள்ளைக்காரன் அந்தக் காலத்தில் சட்டைக்கு உள்பக்கம் லினன் வைத்துத் தைத்ததால் அதற்கு லைனிங் என்று பேர். அதே நூலை இழுத்துக் கட்டி நேர் பார்த்ததால் லைன். ஆளி விதை எண்ணெயில் செய்த தரைவிரிப்பு லினோலியம். ஐந்தாவதாக ஒன்றும் உண்டு, பெண்கள் உள்ளே போடுகிற துணிக்குப் பெரிய கடைகளில் சொல்கிற நாசூக்கான பேர். இந்த ஐந்தையும் ரேஷன் கடை வரிசையில் முன்னால் நின்றவருக்குச் சொல்லியிருக்கிறார். அந்த மனுஷர் சர்க்கரை வாங்காமலேயே வீட்டுக்குப் போய்விட்டார்.

இதில் கெட்டது என் மகள் வாழ்க்கை. தாடிக்கொம்பிலிருந்து ஒரு நல்ல வரன் வந்தது. பையனின் அப்பா கேசரியை வாயில் வைத்த நேரம் பார்த்து, ஆளி விதை மலச்சிக்கலை எப்படித் தீர்க்கிறது என்று இவர் ஒன்று விடாமல் எடுத்துச் சொன்னார். ஸ்பூனைக் கீழே வைத்தவர்கள்தான், அப்புறம் போன்கூட எடுக்கவில்லை. நான் இரண்டு நாள் இவரோடு பேசவில்லை. பேசாமல் இருந்ததை அவர் கவனித்த மாதிரியும் தெரியவில்லை.

அடுத்து வந்த வரன் மகளே பார்த்தது. கூட வேலை பார்க்கிற பையன். ஒட்டன்சத்திரம் பக்கம் தக்காளியும் முருங்கையும் போடுகிற விவசாயக் குடும்பம். அவர்கள் வரப்போகிற ஞாயிற்றுக்கிழமைக்கு முந்தின நாள் என் மகள் மெஷினுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள்.

"அம்மா, இது மட்டும் கெட்டுப்போச்சுன்னா எனக்கு வேற யாரும் வேணாம்மா. அப்பாவ நீதான் பாத்துக்கணும்."

அவள் அழவில்லை. அழுதிருந்தால்கூடத் தேற்றியிருப்பேன். நேராக வீட்டுக்காரரிடம் போனேன்.

"நாளைக்கு நீங்க வாயத் தொறக்கக் கூடாது. செடி, விதை, துணி ஒண்ணும் வரக் கூடாது. ஒரு வார்த்தை பேசினீங்க, நான் எங்க அண்ணன் வீட்டுக்குப் போயிருவேன். உங்க பேச்சாலதான் புள்ளை முப்பது வயசுக்கும் வீட்டுல கெடக்கா."

கடைசி வாக்கியத்தைச் சொல்லியிருக்க வேண்டியதில்லை. கோபத்தில் வந்துவிட்டது. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "சரி" என்றார். அம்புட்டுதான்.

மறுநாள் அவர்கள் ஐந்து பேர் வந்தார்கள். பையனின் அப்பா கஞ்சி போட்டு விறைப்பாகத் தேய்த்த வெள்ளை வேட்டி சட்டையில் இருந்தார். இவர் போட்டிருந்தது லினன் சட்டை. காலையில் நானே தேய்த்துக் கொடுத்தேன். உட்கார்ந்து ஒரு தரம் எழுந்ததும் பஸ் ஸ்டாண்டில் படுத்து எழுந்த மாதிரி ஆகிவிட்டது.

"ஏனுங்க, வெளியூருக்குப் போயிட்டு இப்பத்தான் வந்தீங்களாட்ட இருக்குதுங்க?" என்று பையனின் அப்பா மரியாதையாகத்தான் கேட்டார்.

லினன் என்றால் கசங்கத்தான் செய்யும் என்று சொல்ல இவர் உதடு துடித்தது. என்னைப் பார்த்தார். இல்லை என்று தலையை மட்டும் ஆட்டினார்.

காப்பி குடித்தார்கள். மழை, தக்காளி விலை, ரோட்டு வேலை என்று பேசினார்கள். இவர் எல்லாவற்றுக்கும் "ம்" கொட்டினார். நான் உள்ளே பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன். அடுப்படியில் சாப்பாடு தயாராக இருந்தது, வாழை இலை நறுக்கிக் கழுவி வைத்திருந்தேன். ஆனால் சம்பந்தம் பேசி முடிக்காமல் பெண் வீட்டில் கை நனைக்க மாட்டார்கள். நனைத்துவிட்டால் சம்மதம் என்று அர்த்தம். அந்த இலை விழுமா என்றுதான் நானும் மகளும் காத்திருந்தோம்.

"பொண்ணோட அப்பா நீங்க என்னங்க சொல்றீங்க?" என்று பையனின் அம்மா கேட்டார்.

இவர் மறுபடியும் என்னைப் பார்த்தார். "ம்" என்றார்.

அந்த அம்மாவின் முகம் மாறியது. தன் வீட்டுக்காரர் பக்கம் குனிந்து, "அவுங்களுக்கு மனசு இல்லீங்களாட்ட இருக்குது" என்றது எனக்கே கேட்டது. அவர் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார்.

"நீங்க வீட்டுல கலந்து பேசிட்டுச் சொல்லி அனுப்புங்க. நாங்க பொறப்படறமுங்க."

ஐந்து பேரும் எழுந்துவிட்டார்கள். மகள் கதவு ஓரத்தில் நின்று என்னைப் பார்த்தாள். அடக் கடவுளே, பேசியும் கெடுத்தார், பேசாமலும் கெடுக்கிறாரே என்று முதலில் அவர் மேல்தான் எரிச்சல் வந்தது. அவர் அந்தக் கசங்கின சட்டையில், சோபாவின் கைப்பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, வாயை மூடியபடி உட்கார்ந்திருந்தார். கண் கலங்கியிருந்தது.

"ஏங்க! அந்தச் சட்டை எந்தச் செடியில வந்துச்சுன்னு சொல்லுங்களேன்!" என்று கத்திவிட்டேன்.

வைகை அணையைத் திறந்துவிட்ட மாதிரி ஆகிவிட்டது. ஆளி, நார், நீலப் பூ, லினன், லைன், கிரிக்கெட் மட்டைக்குத் தடவுகிற எண்ணெய், லைனிங், லினோலியம். போகப் புறப்பட்டவர்கள் செத்த நேரம் நின்று, அப்புறம் உட்கார்ந்தே விட்டார்கள். ஐந்தாவது வார்த்தை நெருங்க நெருங்க நான் காப்பி டம்ளர்களைச் சத்தமாக அடுக்கினேன். அவர் நிறுத்தி, அந்த அம்மாவைப் பார்த்து, "இன்னொண்ணு இருக்குங்க. அது மறந்துபோச்சு" என்றார். மறக்கிற ஆளா அவர்!

பையனின் அப்பா கிட்டே வந்து சட்டைக் கையைப் பிடித்து விரலால் நெருடிப் பார்த்தார்.

"கத்தாழை நாராட்டமுங்களா? எத்தன நாளுப் பயிருங்க? நம்ம செவக்காட்டுல வருமுங்களா? எத்தன தண்ணி கட்டோணும்?"

வீட்டுக்காரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"தெரியலைங்க. நான் அந்தச் செடியக் கண்ணால பாத்ததே இல்லைங்க."

ஒரு வருஷமாக எங்கள் உயிரை எடுத்த செடியை இந்த மனுஷன் பார்த்ததே இல்லையாம்! முதலில் சிரித்தது என் மகள்தான். அப்புறம் அந்த அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். பையனின் அப்பா துண்டை எடுத்து நாற்காலி மேல் போட்டார்.

"தெரியாதுன்னு ஒத்துக்கற வாத்தியார இன்னிக்குத்தானுங்க பாக்கறேன். எலையப் போடச் சொல்லுங்க, கை நனைச்சுட்டே மீதியப் பேசுவோம்."

இலை எடுக்க நான் அடுப்படிக்கு ஓடினேன். பின்னாலேயே அவர் வந்தார். மகள் கல்யாணம் முடிவான சந்தோஷத்தில் வந்தார் என்று நினைத்துத் திரும்பினேன். குரலைத் தாழ்த்தி, ஹெட்மாஸ்டர் முன்னால் நிற்கிற பையன் மாதிரி என்னிடம் கேட்டார்.

"நீ சொன்னதாலதான் பேசினேன். தப்பா ஒண்ணும் சொல்லிரலயே? உங்க அண்ணன் வீட்டுக்குப் போயிர மாட்டேல்ல?"