டொரத்தியின் பத்தாவது மேற்கோள்

நான் தினமும் எல்லை தாண்டிப் போய்ச் சிங்கப்பூரில் கிரேன் ஓட்டுகிறவன். விடியற்காலையில் எல்லைப் பாலத்து நெரிசலில் பஸ் நிற்கும்போது மற்றவர்கள் கைப்பேசியில் நாலு நம்பர் லாட்டரி முடிவைப் பார்ப்பார்கள். நான் என் பெண்டாட்டியின் நம்பரைப் பார்ப்பேன்.

டொரத்தி எல்லைக்கு இந்தப் பக்கம், ஸ்கூடாயில் ஒரு பல்கலைக்கழகத்தில் மூலக்கூறு உயிரியல் ஆய்வாளர். அவள் எழுதிய கட்டுரைகளை யார் யார் தங்கள் கட்டுரைகளில் மேற்கோள் காட்டியிருக்கிறார்கள் என்று கணக்கு வைக்கும் இணையப் பக்கம் ஒன்று உண்டு. புதிதாக யாராவது காட்டினால் எண் ஒன்று ஏறும். ஒரு தடவை பிரேசிலிலிருந்து ஒருத்தர் ஏற்றிவிட்டார். லாபிஸ் என்ற சின்ன ஊர்க்காரி எழுதியதை அந்த மனுஷன் எதற்குப் படிக்கிறார் என்று நாள் முழுக்க மண்டைக் குடைச்சல் எனக்கு.

அவள் வேலை எண்ணெய் எடுக்கும் செம்பனை மரத்தில். அடித்தண்டை ஒரு காளான் அரித்துத் தின்னும். மரம் நின்றபடியே சாகும். ஆனால் ரெங்கம் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் சில மரங்களை மட்டும் அது தொடவில்லை. தப்பிய மரங்களின் வேரில் ஒரு மரபணு ஓயாமல் வேலை செய்கிறது, அதுதான் காவல் காக்கிறது என்று டொரத்தி எழுதினாள். எழுதிப் பதினொரு வருஷம் ஆகிறது.

இணைப்பேராசிரியர் ஆவதற்கு அவளுக்கு ஒரு கணக்கு வைத்திருந்தார்கள். பத்துக் கட்டுரைகள், ஒவ்வொன்றுக்கும் குறைந்தது பத்து மேற்கோள். ஒன்பது கட்டுரைகள் தாண்டிவிட்டன. இந்தக் காளான் கட்டுரை மட்டும் ஒன்பது மேற்கோளோடு மாடு மாதிரி படுத்துக்கொண்டது. அடுத்த வருஷம் முதல் பத்தைப் பதினைந்தாக்கப் போகிறார்களாம். இந்த மாதம் விட்டால், ஓய்வு பெறும்வரை அவள் இதே நாற்காலிதான்.

எனக்குப் பொறுக்கவில்லை.

“லோஷினிதான் இப்ப சிங்கப்பூர்ல பெரிய லேப்ல இருக்காளே, உன் ஸ்டூடண்ட் தானே. ஒரு வரி போடச் சொல்லுலா,” என்றேன்.

“கேட்டு வாங்குனா அது மேற்கோள் இல்லங்க, மொய். இன்னைக்கி அவ எனக்கு வெச்சா நாளைக்கி நான் அவளுக்கு வெக்கணும். படிக்காமலே வெச்சிக்கிட்டுப் போவோம்.”

பிடிவாதத்தில் அவள் அப்பனைக் கொண்டவள்.

கடைசி வாரம், பாலத்தில் பஸ் நின்றிருந்தபோது பார்க்கிறேன், பத்து. பக்கத்தில் தூங்கிய காளியப்பனை உலுக்கி எழுப்பிச் சொன்னேன். எனக்கு ஏதோ பரிசு விழுந்துவிட்டது என்று நினைத்து அவன் கை கொடுத்தான். யார் போட்டது என்று பார்த்தால் லோஷினி. கேட்காமலே போட்டிருக்கிறாள், தங்கமான பிள்ளை என்று நெஞ்சு நிறைந்துபோனது.

சாயங்காலம் இரண்டு பெட்டி கேக்கோடு வீட்டுக்குப் போனேன். டொரத்தி மேசையில் அந்தக் கட்டுரையை விரித்து வைத்திருந்தாள்.

“பத்து ஆயிருச்சு பாத்தியா?”

“எப்படி ஆச்சுன்னு பாத்தீங்களா? நான் சொன்னது தப்புன்னு எழுதியிருக்கா. தப்புன மரம், நோய் வந்த மரம், ரெண்டுலயும் அந்த மரபணு ஒரே மாதிரி சும்மாதான் கெடக்குதாம்.”

அலமாக். வெண்ணெய் திரளும்போது தாழி உடைந்த கதை. எங்கள் வீட்டில் எத்தனை நாள் சாப்பிட்ட பிள்ளை. எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. “அப்ப இந்த நம்பர் செல்லாதா?”

“செல்லும். திட்டுனாலும் ஒண்ணு, பாராட்டுனாலும் ஒண்ணுதான்.”

சொல்லிவிட்டு அவள் லோஷினியைக் கூப்பிட்டாள். அந்தப் பக்கம் எடுத்தவுடனே அழுகை. “டாக்டர், மன்னிச்சிருங்க டாக்டர்...”

“அழாதம்மா. வேர் எந்த மாசம் எடுத்த?”

“மார்ச். நல்ல வெயில்.”

“நான் எடுத்தது டிசம்பர். முட்டிக்கால் தண்ணி. தப்புன மரம் எல்லாம் பள்ளத்துல நின்னுச்சு.” டொரத்தி எழுந்து நின்றுவிட்டாள். “லோஷினி, அந்த மரபணு எழுந்திரிச்சது காளானுக்கு இல்ல, தண்ணிக்கு!”

இரண்டு பேரும் பேசினார்கள், பேசினார்கள், கேக்கில் எறும்பு ஏறும்வரை பேசினார்கள். வைத்துவிட்டு என்னிடம் சொன்னாள்: “மத்த ஒம்பது பேரும் பேரைத்தாங்க போட்டாங்க. செஞ்சு பாத்தது இவ ஒருத்திதான்.”

விண்ணப்பித்தாள். நேர்முகத்துக்குப் போன அன்று லோஷினியின் கட்டுரையையும் எடுத்துப்போனாள். திரும்பி வந்து பையைக்கூட இறக்காமல், “கெடச்சிருச்சு,” என்றாள்.

“அப்புறம் ஏன் மூஞ்சி இப்படி இருக்கு?”

“இது தப்புன்னு ஒருத்தி காட்டியிருக்கான்னு நானே ஆரம்பிச்சேன். பரவால்ல, எண்ணிக்கை சரியா இருக்குன்னு அடுத்த பக்கத்துக்குப் போயிட்டாங்க. ஏன், எப்படின்னு ஒருத்தர்கூட கேக்கலங்க.”

அழுதுவிட்டாள். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் வேலைக்காக அவள் அழுது நான் பார்த்ததில்லை. அவர்களைத் திட்டலாம் என்றுதான் வாயைத் திறந்தேன். தினமும் பாலத்தில் எண்ணிக்கை பார்த்தவன் நான், எந்த முகத்தோடு திட்டுவது?

சோற்றைப் போட்டுக் கொடுத்து எதிரில் உட்கார்ந்தேன்.

“சரி, எனக்குச் சொல்லு. மரபணு தண்ணிக்குத்தான் எழுந்திருச்சுன்னா, அந்த மரத்தையெல்லாம் காளான் ஏன் தொடல?”

பிசைந்த கை நின்றது. என்னை நிமிர்ந்து பார்த்தாள். கன்னத்து ஈரம் காய்வதற்குள் சிரிப்பு வந்துவிட்டது.

“அதுதாங்க எனக்கும் தெரியல.”